புல்தரைக்கு ஈரப்பதமானி: எதை வாங்கலாம், எதை விடலாம்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். புல்தரையில் பூஞ்சை நோய் வருமுன் தெரிந்துகொள்ள ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால், ரீடிங்குகளைத் தானே பதிவு செய்யும் நல்ல ஈரப்பதமானி ஒன்றை வெயில்காப்புக் கூட்டோடு சேர்த்து வாங்குங்கள். இலை ஈர சென்சார் அதற்கு அடுத்த படி. அதை அளவு திருத்தி, துடைத்துப் பராமரிக்கிறவர்களுக்கு மட்டுமே பலன் தரும். சுவரில் மாட்டுகிற, திரையில் ஒரு எண்ணை மட்டும் காட்டுகிற மலிவு மீட்டரை இந்த வேலைக்கு வாங்கவே வேண்டாம்.

மூன்றுமே 'ஈரத்தை அளக்கும்' என்றுதான் விற்கப்படுகின்றன. ஆனால் அளக்கும் ஈரம் மூன்றிலும் வேறு வேறு. எந்த ஈரம் எந்த நோயைக் கொண்டுவருகிறது என்பது புரியாமல் வாங்கினால், வீட்டில் எண்கள் குவியும். புல் காய்வது நிற்காது.

பூஞ்சைக்கு எந்த ஈரம் வேண்டும்

ஒப்பு ஈரப்பதம் என்பது, அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் இப்போது இருக்கிறது என்ற கணக்கு. காற்றில் உள்ள நீராவி கொஞ்சமும் கூடாமல், வெப்பநிலை குறைந்தாலே இந்தச் சதவீதம் ஏறிவிடும். பிற்பகலில் 30 டிகிரி செல்சியஸில் 50 சதவீதம் காட்டிய அதே காற்று, இரவில் 20 டிகிரிக்கு இறங்கினால் ஏறக்குறைய 90 சதவீதம் காட்டும். அதன் பனிநிலை 18 டிகிரியை ஒட்டியது. அந்த அளவுக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். தெளிந்த வானமும் அசையாத காற்றும் உள்ள இரவில் புல்லின் இலை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். அதனால் ஆள் உயரத்தில் மீட்டர் 85 சதவீதம்தான் காட்டுகிறது என்ற நேரத்திலும் கீழே புல் நனைந்திருக்கலாம். மேகமூட்டத்தோடு காற்று வீசும் இரவில் நேர்மாறு: மீட்டர் 92 காட்டும், இலை காய்ந்தே இருக்கும்.

பெரும்பாலான இலைநோய்ப் பூஞ்சைகளின் வித்தோ இழையோ இலைக்குள் நுழைய, இலைமேல் நீர்ப்படலம் சில மணி நேரம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். ஈரம் எவ்வளவு என்பதைவிட எத்தனை மணி நேரம் என்பதே பெரிய கேள்வி. ஒரு மழை பெய்து இரண்டு மணி நேரத்தில் வெயில் அடித்துக் காய்ந்துவிட்டால் பெரிய ஆபத்து இல்லை. மழையே இல்லாமல் இரவு 9 மணிக்குப் படிந்த பனி காலை 9 மணி வரை நின்றால் அது 12 மணி நேர ஈரம். டாலர் ஸ்பாட், பிரவுன் பேட்ச் என்ற இரண்டு புல் நோய்களுக்கும் அது தாராளமாகப் போதும்.

காலையில் புல் நுனியில் தெரியும் துளிகள் எல்லாமே காற்றிலிருந்து படிந்தவை அல்ல. இரவில் வேர் உறிஞ்சும் நீர் ஆவியாக முடியாதபோது, இலை நுனியிலுள்ள துளைகள் வழியே சாறாகக் கசியும். அதில் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் இருக்கும். பூஞ்சைக்கு அது வெறும் நீர் அல்ல, உணவு. நுனி வெட்டுப்பட்ட புல்லில் இந்தக் கசிவு காயத்தின் மேலேயே நிற்கும். எந்த சென்சாரும் இதை உணராது, ஏனென்றால் சென்சாருக்கு வேர் இல்லை. பின்னால் கருவிகளைப் பற்றிச் சொல்லும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நோய்க்கு நோய் தேவை மாறும். டாலர் ஸ்பாட்டை உண்டாக்கும் கிளாரிரீடியா பூஞ்சை (2018 வரை ஸ்கிளெரோடினியா ஹோமியோகார்ப்பா என்று அழைக்கப்பட்டது) மிதமான வெப்பத்திலும் நீண்ட பனியிலும் செழிக்கும். குட்டையாக வெட்டிய புல்லில் நாணய அளவு வைக்கோல் நிறப் புள்ளிகள் தோன்றும். விடியற்காலையில் அவற்றின்மேல் சிலந்தி வலை போன்ற வெள்ளை இழைகள் தெரியும். பிரவுன் பேட்சுக்கு ரைசோக்டோனியா சோலானி காரணம். இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்காமல், இலையும் 10 மணி நேரத்துக்கு மேல் நனைந்திருந்தால் வட்டம் வட்டமாகப் பரவும். பித்தியம் என்ற நோய்க்கிருமி இன்னும் வேகமானது. பகலில் 30 டிகிரிக்கு மேல், இரவில் 20 டிகிரிக்குக் குறையாமல், 14 மணி நேரமோ அதற்கு மேலோ ஒப்பு ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் ஒரே இரவில் எண்ணெய் தடவியது போன்ற கறுத்த திட்டுகள் வந்துவிடும்.

சாம்பல் நோய் மட்டும் விதிவிலக்கு. அதன் வித்து முளைக்க நீர்ப்படலம் தேவையில்லை; இலைமேல் நீர் நின்றால் உண்மையில் தடைபடும். நிழலும் காற்றோட்டமின்மையும் ஈரக்காற்றும் போதும். இலை ஈர சென்சார் 'காய்ந்திருக்கிறது' என்று காட்டிக்கொண்டே இருக்கும், கீழே புல் மாவு பூசியது போல வெளுத்துக்கொண்டே போகும்.

மலிவு மீட்டர்: வேண்டாம்

இவற்றில் பலவற்றின் உள்ளே இருப்பது டி.எச்.டி.11 போன்ற சென்சார். அதன் துல்லியம் கூட்டியோ குறைத்தோ 5 சதவீதம். அதைவிடப் பெரிய குறை, அது நம்பகமாக அளக்கும் மேல் எல்லை 80 அல்லது 90 சதவீதத்தோடு முடிந்துவிடுவது. புல் நோய் தொடங்குவதே அங்கேதான். நமக்குத் தேவையான பகுதியில் கண்ணை மூடிக்கொள்ளும் கருவியை வைத்து என்ன செய்வது?

இன்னொன்று, அது அந்த நொடியின் எண்ணை மட்டுமே காட்டும். நீங்கள் காலை 7 மணிக்குப் பார்க்கும்போது 88 என்றால், இரவு முழுக்க 95 இருந்ததா, 6 மணிக்குத்தான் ஏறியதா என்று தெரியாது. குறைந்தபட்சம், அதிகபட்சம் காட்டும் வகையும் போதாது. எத்தனை மணி நேரம் என்பதுதான் நமக்கு வேண்டியது. வீட்டுக்குள் அறைக்காற்றை அறிய இந்த மீட்டர்கள் சரிதான். வெளியே புல்தரைக்கு இல்லை.

பதிவு செய்யும் ஈரப்பதமானி: முதல் தேர்வு

வாங்கும்போது நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

சென்சார் சில்லின் (சிப்) பெயர் கருவியின் விவரக் குறிப்பில் இருக்க வேண்டும். எஸ்.எச்.டி.31 வகைச் சில் வழக்கமாகக் கூட்டியோ குறைத்தோ 2 சதவீதத் துல்லியம் தரும். உள்ளேயே ஒரு சிறு சூடேற்றியும் உண்டு, மேலே படிந்த பனியை விரட்ட உதவும். பி.எம்.ஈ.280 என்றால் 3 சதவீதம், அதுவும் ஏற்கத்தக்கது. சில்லின் பெயரே சொல்லாமல் 'உயர் துல்லியம்' என்று மட்டும் எழுதியிருந்தால் நகர்ந்துவிடலாம்.

பதிவு இடைவெளி 10 அல்லது 15 நிமிடம் இருந்தால் போதும். ஒரு நிமிட இடைவெளி பேட்டரியைத் தின்னும், கூடுதலாக எதையும் சொல்லாது. ஒரு மணி நேர இடைவெளியில் பனி படிந்த நேரமும் காய்ந்த நேரமும் மங்கிப்போகும்.

பதிவை அட்டவணைக் கோப்பாக எடுக்க முடிய வேண்டும். செயலிக்குள் வரைபடமாக மட்டும் காட்டி, எண்களை வெளியே தராத கருவிகள் உண்டு. கீழே சொல்லும் கணக்கு எதையும் அதில் போட முடியாது.

நான்காவது, வெயில்காப்புக் கூடு. அடுக்கடுக்கான வெள்ளைத் தட்டுகளுக்கு நடுவே காற்று புகுந்து போகும்படி அமைந்தது. இது இல்லாமல் வெயிலில் வைத்தால் சென்சார் உடம்பே சூடேறி, வெப்பநிலையைக் கூட்டியும் ஈரப்பதத்தைக் குறைத்தும் காட்டும். பெட்டியில் கூடு வரவில்லை என்றால் தனியாக வாங்குங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் துளை போட்டு மூடி வைப்பது கூடாது. உள்ளே காற்று தேங்கி, இரவின் ஈரம் பகலிலும் வெளியேறாமல் நிற்கும்.

வாங்கிய அன்றே செய்ய வேண்டிய சோதனை ஒன்று. ஒரு பாட்டில் மூடியில் சாதாரண உப்பைப் போட்டு, சொட்டுச் சொட்டாக நீர் விடுங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது. ஈர மணல் பதத்தில் இருக்க வேண்டும். மூடியையும் சென்சாரையும் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து மூடுங்கள். உப்பு சென்சார்மேல் படக் கூடாது. வெப்பநிலை அதிகம் மாறாத அறையில் 8 முதல் 12 மணி நேரம் விடுங்கள். 25 டிகிரியில் டப்பாவுக்குள் ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். கருவி 78 காட்டினால் 3 கழிக்க வேண்டும் என்று அதன்மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். இன்னும் கறாராகப் பார்க்க விரும்பினால், பொட்டாசியம் சல்பேட்டை இதே முறையில் வைத்தால் 97 சதவீதம் வரும். நோய் எல்லைக்கு நெருக்கமான புள்ளி அதுதான், எனவே உப்புச் சோதனையைவிட அது பயனுள்ளது. டப்பாவை இடையில் திறந்து பார்த்தால் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். சோதனை தவறுவதற்கு வழக்கமான காரணம் நீரை அதிகமாக ஊற்றிவிடுவதுதான். உப்பு முழுக்கக் கரைந்துவிட்டால் எண் மேலே போகும், நல்ல கருவியைக் கெட்டது என்று திருப்பி அனுப்பிவிடுவீர்கள்.

எந்த உயரத்தில் மாட்டுவது? இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். நோய் புல்லில் இருப்பதால் சென்சாரையும் புல்லுக்குள் வைக்கத் தோன்றும். ஆனால் நோய்க் கணிப்புச் சூத்திரங்கள் வழக்கமான வானிலை நிலைய அளவுகளை வைத்து உருவாக்கப்பட்டவை. தரைக்கு 5 சென்டிமீட்டர் மேலே கிடைக்கும் ஈரப்பதத்தை அவற்றில் போட்டால் தினமும் 'ஆபத்து' என்றே வரும். சூத்திரத்துக்கென்றால் ஒன்றரை மீட்டர் உயரம், திறந்த இடம், சுவரிலிருந்தும் தார்த்தரையிலிருந்தும் தள்ளி. புல்லின் உள்நிலையை அறிய என்றால் இரண்டாவது சென்சார் ஒன்றைத் தாழ்வாக, நிழல் விழும் பள்ளமான மூலையில் வையுங்கள். இரண்டையும் ஒன்றாகக் குழப்ப வேண்டாம்.

அந்த எண்களை வைத்து என்ன கணக்குப் போடுவது

டாலர் ஸ்பாட்டுக்கு 2018இல் வெளியான ஸ்மித்–கெர்ன்ஸ் கணிப்பு மாதிரி (மாடல்) ஒன்று இருக்கிறது. அதற்குத் தேவை இரண்டே எண்கள்: கடந்த 5 நாட்களின் சராசரி வெப்பநிலை, அதே 5 நாட்களின் சராசரி ஒப்பு ஈரப்பதம். வெப்பநிலையை 0.1932 ஆலும் ஈரப்பதத்தை 0.0894 ஆலும் பெருக்கி, இரண்டையும் கூட்டி, 11.4041ஐக் கழியுங்கள். வரும் விடை கழித்தல் 1.39ஐ விடக் கூடினால் நோய்க்கான வாய்ப்பு 20 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று பொருள். மருந்து தெளிப்பதைப் பற்றி யோசிக்கப் பரவலாகப் பயன்படும் எல்லை அதுதான். சராசரி வெப்பநிலை 10 முதல் 35 டிகிரிக்குள் இருக்கும்போது மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

கையில் கால்குலேட்டர் இல்லாமலும் பார்க்கலாம். 5 நாள் சராசரி 15 டிகிரி என்றால், ஈரப்பதச் சராசரி ஏறக்குறைய 80 சதவீதத்தைத் தாண்டும்போது எல்லை வரும். 20 டிகிரியில் 69. 25 டிகிரியில் 58. வெப்பம் ஏற ஏற, எல்லையைத் தொடத் தேவையான ஈரப்பதம் எவ்வளவு இறங்குகிறது என்று கவனியுங்கள். வசந்த காலத்தில் 70 சதவீதத்தைப் பார்த்து நிம்மதியாக இருந்தவர், வெப்பம் கூடியபின் அதே 70ஐப் பார்த்து நிம்மதியாக இருக்க முடியாது.

சென்சாரின் துல்லியத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம் என்பதும் இங்கேதான் விளங்கும். 20 டிகிரியில் உண்மையான சராசரி 69 சதவீதம், வாய்ப்பு 20 சதவீதம். கருவி 5 குறைத்து 64 காட்டினால் வாய்ப்பு 14 சதவீதமாகத் தெரியும். நீங்கள் தெளிக்க மாட்டீர்கள், நோய் வரும். 5 கூட்டி 74 காட்டினால் 28 சதவீதம், தேவையில்லாமல் தெளிப்பீர்கள். ஈரப்பதத்தில் 5 சதவீதப் பிழை, வெப்பநிலையில் 2.3 டிகிரிப் பிழைக்குச் சமம். வெப்பமானி 2 டிகிரி தவறினால் யாரும் பொறுக்க மாட்டார்கள்; ஈரப்பதமானி 5 தவறினால் மட்டும் கண்டுகொள்வதில்லை.

பிரவுன் பேட்சுக்கு 1996இல் வந்த ஃபிடான்சா, டெர்னோடன், கிரைபாஸ்காஸ் மூவரின் மாதிரி. பல்லாண்டு ரைகிராஸ் புல்லுக்காகச் செய்யப்பட்டது. நாளின் சராசரி ஒப்பு ஈரப்பதத்தை 0.15 ஆல் பெருக்குங்கள். குறைந்தபட்ச வெப்பநிலையை 1.4 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். அதே வெப்பநிலையின் வர்க்கத்தை 0.033 ஆல் பெருக்கிக் கழியுங்கள். கடைசியில் 21.5ஐயும் கழியுங்கள். விடை 6 அல்லது அதற்கு மேல் என்றால் அன்று நோய்க்கு ஏற்ற நாள். இரவின் குறைந்தபட்சம் 20 டிகிரியில் நின்றால் ஈரப்பதச் சராசரி 85 சதவீதம் எல்லை. 16 டிகிரிக்கு இறங்கினால் 90க்கு மேல் வேண்டும். வேறு புல் இனத்தில் இந்த எல்லை அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பெர்முடா போன்ற வெப்பகாலப் புற்களில் ரைசோக்டோனியா காட்டும் நோயே வேறு, அது வரும் பருவமும் வேறு.

சூத்திரம் எதுவும் இல்லாத நோய்களுக்கு எளிய வழி, 90 சதவீதத்தைத் தாண்டிய மணி நேரங்களை எண்ணுவது. அதை இலை ஈர நேரத்துக்கு மாற்றாக எடுத்துக்கொள்வது வேளாண் வானிலையில் நெடுநாள் வழக்கம். முன்னே சொன்ன தெளிந்த இரவுப் பிழையும் காற்று வீசும் இரவுப் பிழையும் இதில் உண்டு. இருந்தாலும் ஒன்றுமே எண்ணாததற்கு இது பல மடங்கு மேல்.

இலை ஈர சென்சார்: உழைப்பவர்களுக்கு மட்டும்

இரண்டு வகை கிடைக்கிறது. முதல் வகை மின்தடை வகை. சிறு தட்டின்மேல் விரல் கோத்ததுபோல இரண்டு உலோகக் கோடுகள் ஓடும். நடுவே நீர் படிந்தால் மின்தடை குறையும். டேவிஸ் நிறுவனத்தின் சென்சார் 0 முதல் 15 வரை எண் தருகிறது: 0 என்றால் காய்ந்தது, 15 என்றால் முழுக்க நனைந்தது. இந்த வகையின் பொதுவான பலவீனம் நுண்துளிகள். பனி முதலில் மிகச் சிறிய துளிகளாகத்தான் படியும். ஒரு துளி இரண்டு கோடுகளையும் தொட்டால்தான் சென்சாருக்குத் தெரியும். அதனால் பனி தொடங்கிய நேரத்தைத் தாமதமாகச் சொல்லும். தட்டின்மேல் லேடெக்ஸ் பெயின்ட் பூசினால் துளிகள் பரவி இணையும், உணர்திறன் கூடும். ஆராய்ச்சியாளர்கள் நெடுங்காலமாகச் செய்துவருவது இது. பூச்சு மெல்லியதாகவும் சீராகவும் இருக்க வேண்டும். தடித்தால் பூச்சே ஈரத்தைப் பிடித்துவைத்து, புல் காய்ந்த பிறகும் 'ஈரம்' என்று காட்டும்.

இரண்டாம் வகை, மின்தேக்கத் தன்மையை அளப்பது; மீட்டர் குழுமத்தின் பைட்டோஸ் 31 இவ்வகை. தட்டின் வடிவமும் வெப்பத்தை வாங்கி விடும் தன்மையும் இலையை ஒத்திருக்கும்படி அமைத்திருக்கிறார்கள். நீர்த் துளி கோடுகளைத் தொட வேண்டியதில்லை, பரப்பில் எங்கே படிந்தாலும் உணரும். பெயின்ட் தேவையில்லை. ஆராய்ச்சித் தரத்தில் வேலை நடக்க வேண்டுமென்றால் எங்கள் தேர்வு இதுதான். ஆனால் இதற்குத் தனிப் பதிவுக் கருவி (லாகர்) வேண்டும், அதை அமைக்கத் தெரிந்தவரும் வேண்டும்.

எந்த வகையானாலும் பொருத்துவதில் கவனம் வேண்டும். தட்டைப் படுக்கையாக வைத்தால் நீர் தேங்கும். கொஞ்சம் சாய்த்து வையுங்கள். புல்லின் மேற்பரப்புக்குச் சற்று மேலே, வெட்டும் இயந்திரம் படாத ஓரத்தில் வையுங்கள். ஆனால் தெளிப்பான் நேரடியாக அடிக்கும் இடத்தில் கூடாது. ஒரு பக்கத் தெளிப்பு முழுத் தரையின் ஈரமாகப் பதிவாகிவிடும்.

அடுத்தது, 'ஈரம்' என்பதற்கான எல்லை எண். தயாரிப்பாளர் தரும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். பனி படியும் மாலையிலும் காயும் காலையிலும் அரை மணிக்கு ஒருமுறை புல் இலையை மெல்லிய டிஷ்யூ தாளால் ஒற்றிப் பாருங்கள். தாளில் ஈரப்புள்ளி விழும் நேரத்தையும் அப்போது சென்சார் காட்டும் எண்ணையும் எழுதுங்கள். சில நாட்கள் செய்தால் உங்கள் எல்லை தெரிந்துவிடும். மாலையின் எல்லையும் காலையின் எல்லையும் ஒன்றாக இல்லாவிட்டால் கலங்க வேண்டாம். காலையில் புல்லுக்குள் இருக்கும் ஈரம், மேலே காற்றில் நிற்கும் தட்டு காய்ந்த பிறகும் நிற்கும். அடர்ந்த புல்லில் இந்த வித்தியாசம் அதிகம். இலை நுனிக் கசிவு எந்த சென்சாரிலும் பதிவாகாது என்று முன்பு சொன்னதும் சேர, இந்தக் கருவி காட்டும் ஈர நேரத்தைக் குறைந்தபட்ச மதிப்பாக மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய மைதானம், கோல்ஃப் க்ரீன், விதைப்புல் பண்ணை போன்ற இடங்களுக்கு இது தகும். வீட்டுப் புல்தரைக்கு அந்த டிஷ்யூ தாளே போதும்.

இணையத்தில் இலவசமாகவும் கட்டணத்துக்கும் நோய்க் கணிப்புச் சேவைகள் உண்டு. வட்டார அளவில் போக்கைப் பார்க்க அவை நல்லவை. ஆனால் பல கிலோமீட்டர் கட்டத்துக்குக் கணக்கிட்ட ஈரப்பதம், மரமும் மதிலும் சூழ்ந்த உங்கள் மூலையை அறியாது. வெப்பநிலை ஓரளவு பொருந்தும், ஈரப்பதம் அந்த அளவுக்குப் பொருந்தாது.

ரீடிங் வந்த பிறகு

வரைபடத்தில் 90 சதவீதக் கோட்டுக்கு மேலே உள்ள பகுதியைக் குறைப்பதுதான் வேலை. அதில் மிகப் பலன் தருவது தண்ணீர் பாய்ச்சும் நேரம். இரவு 10 மணிக்குப் பனி படிந்து காலை 8 மணிக்குக் காய்கிற தரையில் ஈரம் 10 மணி நேரம். மாலை 6 மணிக்குத் தெளித்தால் அது 14 மணி நேரம் ஆகிவிடும். அதே நீரை விடியலுக்குச் சற்று முன் விட்டால் இலை ஏற்கெனவே நனைந்திருப்பதால் ஈர நேரம் கூடாது. சர்க்கரைச் சாறும் கழுவிப்போகும்.

அடுத்து, காலையில் பனியைத் தட்டிவிடுவது. இரண்டு பேர் நீளமான கயிற்றையோ நீர்க்குழாயையோ இழுத்துக்கொண்டு புல்லின்மேல் நடந்தால் போதும். துளிகள் உடைந்து சிதறி, காய்வது விரைவாகும். டாலர் ஸ்பாட்டுக்கு இது நல்ல பலன் தரும். காலையிலேயே புல்லை வெட்டுவதும் அதே வேலையைச் செய்யும். பித்தியம் இருக்கிறது என்ற சந்தேகம் வந்தால் மட்டும் ஈரப்புல்லில் இயந்திரத்தை ஓட்டக் கூடாது. சக்கரமே அதன் இழைகளைத் தரை முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்க்கும், திட்டுகள் வெட்டுத்தடத்தின் வரிசையிலேயே கிளம்பும்.

உரத்தில் இரு பக்கமும் உண்டு. நைட்ரஜன் குறைந்தால் டாலர் ஸ்பாட்டும் துரு நோயும் ஏறும். வெப்பமான ஈரக் காலத்தில் வேகமாகக் கரையும் நைட்ரஜனை அள்ளிப் போட்டால் பிரவுன் பேட்சும் கிரே லீஃப் ஸ்பாட் என்ற இலைப்புள்ளி நோயும் பாயும். எந்த நோய் என்று தெரியாமல் உரம் போடுவதும் நிறுத்துவதும் குருட்டடிதான்.

மருந்து வாங்கும்போதும் அதே கவனம் வேண்டும். அசாக்சிஸ்ட்ரோபின் பிரவுன் பேட்சுக்குச் சிறந்தது. டாலர் ஸ்பாட்டுக்குப் பயன்படாது. புரோபிகோனசோல் டாலர் ஸ்பாட்டில் வேலை செய்யும், பித்தியத்தில் செய்யாது. பித்தியம் உண்மையான பூஞ்சையே அல்ல, மெஃபெனாக்சாம் அல்லது சயாசோஃபாமிட் போன்றவை வேண்டும். ஒரே குழு மருந்தை (ஒரே விதமாகச் செயல்படுபவை) திரும்பத் திரும்ப அடித்தால் நோய்க்கிருமி எதிர்ப்பு பெற்றுவிடும்; குழுவை மாற்றி மாற்றி, லேபிளில் உள்ள அளவிலும் இடைவெளியிலும் மட்டும் தெளியுங்கள். தெளித்த பின்னும் கணிப்பைத் தொடர்ந்து பாருங்கள். இடைவெளி முடிந்த நாளில் மாதிரி எல்லைக்குக் கீழே இருந்தால், அடுத்த தெளிப்பைத் தள்ளிப்போடலாம். கருவியின் செலவு திரும்பி வருவது இந்தத் தள்ளிப்போட்ட தெளிப்புகளில்தான்.

பராமரிப்பு

ஈரப்பதமானி வாரக்கணக்கில் 95 சதவீதத்துக்கு மேலேயே இருந்தால் சில்லின் பாலிமர்ப் படலம் ஊறிப்போய், 2, 3 சதவீதம் கூட்டிக் காட்டத் தொடங்கும். பெரும்பாலும் சில நாள் வறண்ட காற்றில் வைத்தால் திரும்பிவிடும். சூடேற்றி உள்ள வகையில் அதை இயக்கலாம். இயங்கும் நேரத்து வெப்பநிலை ரீடிங்கையும் ஈரப்பத ரீடிங்கையும் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். பூஞ்சைக்கொல்லியோ உரக்கரைசலோ தெளிக்கும்போது கூட்டை மூடி வையுங்கள். கரைப்பான் ஆவி சில்லைக் கெடுக்கும். பருவத்துக்கு ஒருமுறை உப்புச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

இலை ஈரத் தட்டில் தூசியும் பறவை எச்சமும் உரத்துகளும் படிந்தால், உப்புச் சத்து ஈரத்தை இழுத்து, காய்ந்த பகலிலும் எண் சற்று உயர்ந்தே நிற்கும். நண்பகல் வெயிலில் 0 காட்ட வேண்டிய தட்டு 2 அல்லது 3 காட்டுகிறதென்றால் துடைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. காய்ச்சி வடித்த நீரில் நனைத்த மென்துணி போதும். சோப்பு வேண்டாம், அதன் படலம் தட்டில் தங்கி, பனித்துளி படியும் விதத்தையே மாற்றிவிடும்.